காப்பு கட்டிய கைக்குப் பட்டை இல்லை

அப்போது நான் ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில், ஸ்கூடாயில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மின்னியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். இது நடந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஜேபி என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் அந்த ஜொகூர் பாரு நகரத்தில் ஒரு டயர் கடையின் பக்கவாட்டுப் படிக்கட்டில். படிக்கட்டின் மேலே நைட் கிளப். ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவைப் பற்றிய அனுபவத்தை நைட் கிளப் படிக்கட்டில் ஆரம்பிக்கிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள். நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் லாயாங் லாயாங். ரயில் நிலையம், இரண்டு வரிசைக் கடைகள், பள்ளிக்கூடம், கோயில், அதைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். அங்கே ஒரு பெண் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு கடைக்குப் போனால், திரும்பி வருவதற்குள் அது என்ன விலை என்று அம்மாவுக்குத் தகவல் வந்துவிடும். எனக்குத் தெரிந்த இசையெல்லாம் திருவிழா உறுமி மேளமும் கல்யாண டின்னரில் போடும் குத்துப் பாட்டும்தான். இரண்டுக்குமே நான் ஆடியதில்லை. ஆடினால் யார் பார்ப்பார்கள் என்பதைக் கணக்குப் போடுவதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் லேப் வேலைக்கு எனக்கு ஜோடியாகக் கிடைத்தவள் பத்து பகாட் என்ற ஊரைச் சேர்ந்த சீனப் பெண். எந்நேரமும் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பாள். மீட்டரில் அளவு பார்க்கும்போதுகூடத் தட்டுவாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், என்னதான் அது என்று கேட்டேன். ஹவுஸ் மியூசிக் என்றாள். வீட்டில் கேட்கிற இசையா என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் லேப் உதவியாளர் எட்டிப் பார்த்தார். அந்த வாரமே என்னை இந்த டயர் கடை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

முதல் தடவை அங்கே நான் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உள்ளே தும் தும் தும் தும் என்று ஒரே சீராக அடி விழுந்துகொண்டிருந்தது. சரி, மைக் சரிபார்க்கிறார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து, ஓர் ஓரமாக ஆரஞ்சு ஜூஸ் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் ஆகியும் அடி மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. கடைசியில் தோழியின் காதருகே போய், "பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?" என்று மலாயில் கத்திக் கேட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்து, "இதுதான் பாட்டு" என்றாள்.

இதற்கா பத்து வெள்ளி நுழைவுக் கட்டணம் கொடுத்து வந்தோம் என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் நிற்கிற இடத்தில் வேறு வேலை இல்லாததால் கேட்டேன். கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. அந்த அடிக்கு மேலே ஏதோ ஒன்று மெதுவாக வந்து சேர்கிறது, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறது, இன்னொன்று வருகிறது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்த இடம் எது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. அடிவயிற்றில் அந்தத் தாழ்ந்த பேஸ் ஒலி இறங்கியது. என் கால் தானாக அசைந்துகொண்டிருப்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

உடனே பழக்க தோஷத்தில் யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. ஐம்பது வயது சீனர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றிருந்தார்கள். நீ யார் வீட்டுப் பெண், அப்பா என்ன வேலை என்று கேட்க அங்கே ஆளே இல்லை. பிறந்ததிலிருந்து என்மேல் யாருடைய கண்ணும் இல்லாத முதல் அறை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

அதன்பிறகு நான் விடவில்லை. தோழியின் வாடகை அறையில் ஒரு பழைய டிஜே கண்ட்ரோலர் இருந்தது; பாட்டுகளைக் கலந்து வாசிக்க, இரண்டு வட்டத் தட்டும் நடுவில் சில பொத்தான்களும் உள்ள கருவி. பாடம் முடிந்த மத்தியானங்களில் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். ஒரு பாட்டு எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை ஒரு காதில் மட்டும் கேட்டு, அதன் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டின் அடியும் ஒன்றாக விழும்படி பொருத்த வேண்டும். மயிரிழை தவறினாலும் குதிரை ஓடுவது போலத் தடதடவென்று கேட்கும். எனக்கு ஆறு மாதம் குதிரைதான் ஓடியது. பொறியியல் பாடத்தில்கூட அவ்வளவு பிடிவாதமாக நான் உட்கார்ந்ததில்லை.

என் தம்பிக்கு மட்டும் இது தெரியும். அவன் குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஒருநாள் ரயில் கேட் மூடியிருந்தபோது மோட்டாரில் உட்கார்ந்தபடியே, கேட் மணி அடிப்பதையும் ரயில் போவதையும் போனில் பதிவு செய்து அனுப்பினான். "அக்கா, இதுவும் தும் தும்னுதான் இருக்கு. இத வச்சு எதாச்சும் பண்ணு" என்று கூடவே ஒரு குரல் செய்தி. கிண்டலுக்குத்தான் அனுப்பினான். நான் நிஜமாகவே அதை வெட்டி ஒட்டி ஒரு துண்டு செய்து வைத்தேன்.

அதற்கு அடுத்த மாதம், வேலை முடிந்து வரும் வழியில் அவனுடைய மோட்டாரை ஒரு லாரி உரசிவிட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. புண்ணில் சீழ் வைத்துவிட்டது, இப்படியே போனால் காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னபோது அம்மா மயங்கி விழவில்லை, அழவில்லை. எழுந்து போய் மருத்துவமனைக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். நான்தான் வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, தம்பியின் கால் பிழைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று எங்கள் ஊர் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். கால் பிழைத்தது. காலுக்குள் கம்பி வைத்திருந்தார்கள், தம்பி ஊன்றுகட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஆனால் புண் முழுதாக ஆறவில்லை. வாரம் ஒருமுறை கட்டுப் பிரித்துப் பார்க்கும்போதெல்லாம் வீட்டில் யாரும் மூச்சு விடமாட்டோம்.

இந்த நேரத்தில்தான் தோழி ஒரு செய்தியோடு வந்தாள். அந்த மாடிக் கிளப்பின் முதலாளி எங்கள் இருவருக்கும் ஒரு சனிக்கிழமை இரவின் முதல் ஒரு மணி நேரத்தைக் கொடுத்திருந்தார். ஒன்பது மணிக்குக் கதவு திறந்ததும் ஆளுக்கு அரை மணி. அந்நேரத்தில் கூட்டமே இருக்காது, ஆனால் அந்த மேடை நிஜம், அந்தப் பெரிய ஸ்பீக்கர்கள் நிஜம். தேதியைப் பார்த்தேன். கோயில் பால்குடம் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. நேர்த்திக்கடனை முடித்துக்கொண்டு நிம்மதியாகப் போகலாம் என்று சரி சொல்லிவிட்டேன்.

பிறகு ஊர்வலத்துக்கான பெர்மிட் ஒரு வாரம் தள்ளித்தான் கிடைத்தது. திருவிழா அப்படியே ஒரு வாரம் நகர்ந்தது. பால்குடம் இப்போது நான் வாசிக்க வேண்டிய சனிக்கிழமைக்கு மறுநாள் காலை.

ஊருக்குப் போய்க் காப்பு கட்டிக்கொண்டேன். மஞ்சள் தோய்த்த கயிறு, நடுவில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு, பெண்களுக்கு இடது மணிக்கட்டில். படிக்கிற பிள்ளை என்பதால் விடுதிக்குத் திரும்பிப் போக அனுமதித்தார்கள். கறி மீன் தொடாமல், தரையில் பாய் போட்டுப் படுத்து, விரதம் ஒழுங்காகத்தான் இருந்தேன். அந்தச் சனிக்கிழமையை மட்டும் மனசுக்குள் வாதாடி வாதாடி அனுமதி வாங்கிக்கொண்டேன். கறி கூடாது என்றார்கள், மது கூடாது என்றார்கள், சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்றார்கள். பாட்டுப் போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. இப்படியெல்லாம் யோசிக்கத்தான் படிக்க வைத்தார்கள் போல.

திட்டம் இதுதான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்க் கருவிகளைச் சரிபார்ப்பது. ஒன்பதுக்கு வாசிப்பது. பத்து மணிக்குத் தோழியின் காரில் ஏறி நேரே ஊர். காலையில் குளித்துப் பால்குடம். அம்மாவிடம் லேப் வேலை முடிய நேரமாகும் என்று சொல்லியிருந்தேன். கையை மறைக்க முழுக்கைக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, காப்பின்மேல் தலைமுடி ரப்பர் ஒன்றையும் மாட்டிக்கொண்டேன்.

படிக்கட்டின் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வழக்கமாக வாசலில் இருக்கும் அக்கா உட்கார்ந்திருந்தார். பாதுகாப்பு கம்பெனி அனுப்பும் ஆள். பெண்கள் வரிசையில் பையைச் சோதிப்பவர். முப்பது வயது இருக்கும். அகன்ற தோள், இறுக்கிப் போட்ட கொண்டை, மூக்கில் சின்னதாக ஒரு மூக்குத்தி. இவ்வளவு நாளும் என்னிடம் "பைய தொற" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. தமிழ்ப் பெண்ணாக இருந்தும் எந்த ஊர் என்று என்னைக் கேட்காத ஒரே ஆள் என்பதால் அவரை எனக்குப் பிடிக்கும். மேடைக்குப் போகிறவர்களுக்கு மணிக்கட்டில் ஒரு தாள் பட்டை ஒட்டுவார்கள். அது இல்லாமல் ஒன்பது மணிக்கு மேல் மேடையில் யாரும் நிற்க முடியாது. அன்றைக்கு அதை ஒட்டுவது அவர் வேலை.

"கைய நீட்டு தங்கச்சி."

வலது கையை நீட்டினேன்.

"எடது கை லா. இங்க எல்லாருக்கும் எடதுதான்."

இடது கையை நீட்டினேன். சட்டை நுனியை விரல்களால் இறுக்கிப் பிடித்திருந்தேன். ஆனால் ஜேபி வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததில் வியர்த்து, காப்பின் மஞ்சள் ரப்பரைத் தாண்டி உள்ளங்கை ஓரம் வரை வழிந்திருந்தது. எனக்கு அது தெரியவில்லை.

"இது என்னா மஞ்சளா?"

அந்த நேரத்தில் என் வாயில் ஏன் அது வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. "கோழிக்கறி க்கா. மத்தியானம் சாப்பிட்டப்ப பட்டுருச்சு" என்றேன்.

அவர் என் சட்டைக் கையை இரண்டு விரலால் மேலே தள்ளினார். ரப்பரை நகர்த்தினார். காப்பு. அதில் கட்டியிருந்த மஞ்சள் துண்டு.

"அலமாக்! காப்பு கட்டிக்கிட்டு வாயால கோழிக்கறின்னு வேற சொல்லுற."

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் கேட்பது மாதிரி வரிசையாகக் கேட்டார். எந்தக் கோயில்? லாயாங் லாயாங். எப்போது பால்குடம்? நாளைக்கு. நாளைக்கா? ஆமாம். எதற்கு நேர்ந்துகொண்டாய்? தம்பிக்கு, ஆக்சிடெண்ட்.

"கால் கை இருக்கா?"

"இருக்கு க்கா. காலுதான் இன்னும் முழுசா ஆறல."

"அப்புறம் என்னாத்துக்கு வெளையாடுற?"

எனக்குக் கோபம் வந்தது. அழுகை வரும்போதெல்லாம் எனக்கு முதலில் கோபம்தான் வரும். நான் குடிக்க வரவில்லை, ஆட வரவில்லை, வாசிக்க வந்திருக்கிறேன், பத்து மணிக்குப் போய்விடுவேன், என் நேர்த்தியைப் பற்றி அம்மனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று படபடவென்று சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ குடிக்க மாட்ட, தெரியும். நாந்தான் பாக்குறனே, ஆரஞ்சு தண்ணிய வச்சுக்கிட்டு நிப்ப. ஆனா ராத்திரில அந்த தரைய குனிஞ்சு பாத்திருக்கியா? பீரு ஊத்திக் கெடக்கும். வாந்தி எடுத்து வப்பானுங்க. அதுல நின்னுட்டு காலைல பால தலைல வப்பியா?" என்றார். "போறதுன்னா போ. நான் ஒன்னைய புடிச்சு வைக்கல. ஆனா இந்தக் கையில நான் பட்டை ஒட்ட மாட்டேன். வேற யாரையாச்சும் ஒட்டச் சொல்லு. எனக்கு வேணாம் லா."

வேறு யாரும் அங்கே இல்லை. நான் இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சற்று நேரத்தில், ஊரிலிருந்து நேராக வந்த தோழி காரை நிறுத்திவிட்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போனாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குத் தம்பியையும் தெரியும், பால்குடம் என்றால் என்ன என்றும் ஓரளவு தெரியும். அவள் பொறியியல் மாணவி. யோசித்துவிட்டு, கயிற்றை வெட்டிவிட்டு ராத்திரி ஊருக்குப் போனதும் இதே போல ஒன்றைக் கட்டிக்கொள்ள முடியாதா என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஒரு வயர் அறுந்தால் வேறு வயர் போடுவோமே, அப்படித்தான் கேட்டாள்.

முடியாது என்று நான் உடனே சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. நான் கையைத் திருப்பிக் கயிற்றைப் பார்த்தேன். வெட்டவே தேவையில்லை, கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. சோப்புப் போட்டால் கை வழியாகக் கழன்று வந்துவிடும். திரும்ப மாட்டிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. இதை நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, டாக்டர் கட்டுப் பிரிக்கும் நேரத்தில் தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் முகம் ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கும்போது புண் மோசமாகியிருந்தால் நான் என்ன செய்வேன்? சோப்புக்கும் புண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குள்ளேயே எத்தனை நாள் வாதாடுவேன்? வாசிக்கவில்லை, நீ மட்டும் வாசி என்று தோழியிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, இதற்கு மேல் அடக்க முடியாமல் அழுதேன். ஒன்றரை வருஷமாக அந்த அரை மணிக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கிடையில் அந்த அக்கா நாற்காலியில் இல்லை. எழுந்து மேலே போயிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து அவர் குரல் கேட்டது. முதலாளியிடம் மலாயில் பேசிக்கொண்டிருந்தார். யாரையோ ஏதோ எடுக்கச் சொல்லி அதட்டினார். பாட்டில்கள் கூடையில் விழும் சத்தம். பிறகு படியில் பாதி தூரம் இறங்கி நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"வா. மணி இன்னும் அஞ்சரகூட ஆகல. ஒம்பது மணி வரைக்கும் இது கிளப்பு இல்ல, சும்மா ஹாலு. பட்டையும் யாருக்கும் வேணாம். இப்ப வாசிச்சிட்டு ஊருக்குப் போ."

நான் மேலே போனேன். பகல் வெளிச்சத்தில் அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் கறுப்புத் துணி தொங்கும் ஜன்னல் திறந்திருந்தது. வெளியே மின்கம்பியும் எதிர்க்கடைப் பலகையும் தெரிந்தன. சுவரெல்லாம் கைத்தடம். ஏர்கான் போடவில்லை. ஆனால் தரை முழுவதும் ஈரமாக இருந்தது. துப்புரவு வேலை செய்யும் இந்தோனேசியப் பெண் வாளியோடு பின்வாசலில் நின்றிருந்தார். வழக்கமாக மேடைக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் பாட்டில் பெட்டிகள் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துப் பின்கட்டில் வைத்துவிட்டு, மேடையைச் சுற்றி எலுமிச்சை வாசமுள்ள எதையோ ஊற்றித் துடைக்க வைத்திருந்தார் அந்த அக்கா. முதலாளி கணக்குப் பார்த்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார். எப்படியும் ஸ்பீக்கரைச் சோதிக்க யாராவது வாசிக்கத்தானே வேண்டும் என்பது அவருடைய சமாதானம்.

செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினேன். ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை.

என்னுடைய முதல் கூட்டம் இதுதான்: எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த பார் பையன், ஐஸ் மூட்டை தூக்கிக்கொண்டு வந்த ஆள், துடைப்பத்தோடு அந்த இந்தோனேசியப் பெண், முதலாளி, தோழி, கதவில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அக்கா. முதல் இரண்டு பாட்டையும் சேர்த்தபோது குதிரை ஓடியது. நன்றாகவே ஓடியது. பார் பையன் நிமிர்ந்து பார்த்தான். விரல் நுனி வியர்த்து வழுக்கியது. தோழி ஓடிவந்து தொடாமல், அங்கேயே நின்று காலால் தரையில் அடியைத் தட்டிக் காட்டினாள். வேகத்தைத் துளித் துளியாகக் குறைத்தேன். அடியும் அடியும் ஒன்றாக விழுந்தன. அதன்பிறகு எனக்குப் பயம் போய்விட்டது.

யாரும் ஆடவில்லை. அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சற்று நேரத்தில் பார் பையனின் கத்தி பலகையில் விழும் சத்தம் அடியோடு சேர்ந்து வந்தது. அவனுக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

கடைசியில் தம்பி அனுப்பிய சத்தத்தில் செய்த துண்டைப் போட்டேன். முதலில் தூரத்தில் ரயில் சத்தம், பிறகு அடிக்கு நடுவில் கேட் மணி. அந்தப் பெரிய ஸ்பீக்கரில் மணி ஹால் முழுக்க அடித்தது. கதவில் நின்ற அக்கா கையைப் பிரித்து, "ஏய், இது கேட் மணிதானே?" என்று உரக்கக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். "நான் பெக்கோக்கு லா! எங்க வீட்டுக்குப் பின்னால இதே சத்தந்தான்" என்றார். அன்றைக்குத்தான் அவர் ஊர் எனக்குத் தெரிந்தது. நான் கேட்டதில்லை.

முடித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒன்னு கேக்கணும். பாட்டு எப்ப வரும்?"

"இதுதான் பாட்டு க்கா."

"இதுவா!" என்றார். இத்தனை மாதம் வாசலில் நின்றும், உள்ளே வேறு ஏதோ பாட்டு நடக்கிறது என்று நினைத்திருந்தாராம். இருவரும் சிரித்தோம். பிறகு, "நாளைக்கு கோயில்ல எம் பேருக்கு ஒரு அர்ச்சன பண்ணிடு. எனக்கு ஞாயித்துக்கெழமையும் டூட்டி. கோயிலுக்குப் போயே ரொம்ப நாளாச்சு" என்றார். கட்டாயம் செய்கிறேன் க்கா என்று சொல்லிவிட்டு, தோழியின் காரில் ஏறி பஸ் நிலையத்துக்குப் போனேன்.

எட்டு மணிக்கெல்லாம் ஊர் வந்து சேர்ந்தேன். லேப் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதா என்று அம்மா சந்தோஷப்பட்டார். உண்மையைச் சொன்னால், ஒன்பது மணி ஆனபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. பாயில் படுத்துக்கொண்டு, இப்போது தோழி முதல் பாட்டைப் போட்டிருப்பாள், விளக்கெல்லாம் போட்டிருப்பார்கள் என்று நினைத்து நினைத்துப் புரண்டேன். பக்தியில் மனம் நிறைந்து தூங்கினேன் என்றெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் காலை பால்குடம் எடுத்தேன். உறுமிக்காரர்கள் முன்னால் போனார்கள். தம்பி கட்டையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று, என்னைப் பார்த்துத் தலையைத் தும் தும் என்று ஆட்டிக் கிண்டல் செய்தான். சிரித்தால் பால் தளும்பும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அபிஷேகம் முடிந்து அர்ச்சனைத் தட்டுகளோடு வரிசையில் நின்றேன். முதல் தட்டுக்குக் குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார். தம்பியின் பேரைச் சொன்னேன். இரண்டாவது தட்டை நீட்டினேன். தெரிந்த ஓர் அக்கா அர்ச்சனை செய்யச் சொன்னார் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

"இது யாருக்கும்மா? பேரு?"

வாயைத் திறந்தேன். அந்த அக்காவின் பேர் எனக்குத் தெரியாது. கேட்கவே தோன்றவில்லை. கிளப்பில் தோழியிலிருந்து முதலாளி வரை எல்லோரும் அவரை மலாயில் அக்கா என்ற பொருளில் கக்காக் என்று கூப்பிடுவார்கள், நான் அக்கா என்பேன். என் கோயில், என் தம்பி, அவன் கால், எல்லாவற்றையும் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் அவரிடம் கேட்டது ஒன்றுமே இல்லை. பின்னால் வரிசை நெருக்கியது. "பேருகூட கேக்காம அப்படி என்னா பேசிட்டு வந்த?" என்று அம்மா காதோரம் கடிந்துகொண்டார். குருக்கள் தட்டைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க சாமி" என்றேன்.

பேர் சொல்லத் தெரியாதபோது எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தத் தட்டுத் திருநீற்றை மட்டும் தனியாக ஒரு தாளில் மடித்து வைத்துக்கொண்டேன். காப்பு அவிழ்த்து அடுத்த வாரம் கிளப்புக்கு எடுத்துக்கொண்டு போனபோது, நாற்காலியில் வேறு பெண் இருந்தார். பாதுகாப்பு கம்பெனி ஆளை மாற்றிவிட்டதாம். அந்த அக்கா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகப் பார் பையன் சொன்னான், அவனுக்கும் பேர் தெரியவில்லை. அந்த ஊரில் கேட்டால் தெரியும் என்று ஒருமுறை பெக்கோக்கில் இறங்கிப் பார்த்தேன். பின்னால் ரயில் கேட் இருக்கும் வீடு, மூக்குத்தி, அகன்ற தோள் என்று அடையாளம் சொல்லிக் கேட்டேன். அங்கே ஒரு கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தெரியாது என்றார்.

தம்பியின் புண் ஆறிவிட்டது. லேசாகச் சாய்ந்து நடப்பான், மறுபடி மோட்டார் ஓட்டுகிறான், அம்மா திட்டுகிறார். தோழி இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். எப்போதாவது சனிக்கிழமைகளில் வாசிக்கவும் செய்கிறேன். இப்போது எனக்காக ஆடுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். வாசலில் இடது கையை நீட்டிப் பட்டை ஒட்டிக்கொள்ளும்போது ஒட்டுகிற ஆளின் பேரைக் கேட்டுவிடுவேன். சிலர் விநோதமாகப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்கு இரண்டு தட்டு வாங்குகிறேன், இரண்டாவது தட்டுக்குக் குருக்கள் இப்போதெல்லாம் பேர் கேட்பதில்லை. யாருடைய கண்ணும் என்மேல் படாத இடம் என்றுதான் அந்தப் படிக்கட்டை ஏறிக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஒருவர் என் கையை உற்றுப் பார்த்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்த அக்கா இப்போது எந்த வாசலில் நின்றாலும் அவர் முகத்தை யாராவது பார்த்துப் பேர் கேட்டிருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொள்கிறேன்.